அழாத பிள்ளைக்கும் பால்

(பயிற்சி அலுவலர்களும் பொருளாதார முதுகலை மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். முதலீடு, உற்பத்தி, வேலைவாய்ப்பு என்று ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ பால் குடிப்பதில் நாட்டமில்லாத ஒரு பச்சிளங்குழந்தையின் பிரச்சினை. இது பாட்டிமாரும் மருத்துவர்களும் பேசவேண்டிய பொருளாயிற்றே, பொருளாதார அலுவலருக்கு இங்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். உரை முடிவதற்குள் அக்கேள்விக்கு விடை கூற முயல்கிறேன்.

பழமொழியும் பொருளாதாரமும்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நாமெல்லாரும் அறிந்த பழமொழி. வேண்டுவதைக் கேட்டுப் பெறவேண்டும் என்று அறிவுறுத்துவதற்காக இதை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால், இப்பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அழாத பிள்ளையின் கதி என்ன?

பொருளாதாரத்தில் 'தேவை' என்பதற்கு நாம் தரும் இலக்கணத்தை மாணவர்கள் அறிவார்கள். ஒருவனுக்கு ஒரு பொருள் அவசியமாக இருப்பதால் மட்டும் அது தேவை ஆகிவிடாது. அதை வாங்கும் சக்தியும் வாங்கும் மனமும் உடன் இருக்கவேண்டும். பசித்தவன் கையில் காசு இல்லையேல் அவன் பசி அங்காடியின் காதில் விழுவதில்லை. தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கும் இந்த இலக்கணம் பொருந்தும். அதன் கையிலுள்ள ஒரே நாணயம் அழுகைதான். பலமுள்ள குழந்தை அந்த நாணயத்தைத் தாராளமாகச் செலவிடுகிறது. பலவீனமான குழந்தையிடம் அதுவும் இல்லை. பால் எதற்கு மிகவும் அவசியமோ, அந்தக் குழந்தையே மிகக் குறைவாகக் கேட்கிறது.

மருத்துவர்கள் மேலும் ஒன்றைக் கூறுகிறார்கள். நலமான குழந்தைக்கும்கூட அழுகை பசியின் முதல் அறிகுறியன்று, கடைசி அறிகுறியே. உடல் நெளிவது, வாயைத் திறப்பது, தலையை இருபுறமும் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது ஆகியவை முன்னரே தோன்றுகின்றன. ஆகவே அழுகைக்காகக் காத்திருப்பது எந்தக் குழந்தைக்கும் நல்ல முறையன்று. சோர்ந்த குழந்தைக்கோ அது ஆபத்தான முறை.

ஒரு வீட்டின் அனுபவம்

இதை நான் நூல்களில் கற்பதற்கு முன்னர் என் வீட்டிலேயே கற்றேன். 1994ஆம் ஆண்டு ஜனவரி மாதம், டில்லியில் கடுங்குளிர் நிலவிய நாள்களில், என் மகள் பிறந்தாள். கணக்கிட்ட நாளுக்கு ஐந்து வாரம் முந்திப் பிறந்தவள். எடை 2 கிலோ 100 கிராம். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அது எந்த மருத்துவமனை என்பது இங்கு முக்கியமில்லை. அன்று பல இடங்களிலும் நிலைமை அதுவே. குழந்தையை மீண்டும் எப்போது நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

குழந்தை அழவே இல்லை. இரண்டு முறை உறிஞ்சுவாள், தூங்கிவிடுவாள். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்குவாள். திருநெல்வேலியிலிருந்து துணைக்கு வந்திருந்த என் தாயார், "எவ்வளவு சமர்த்து பார், பெற்றவளைப் படுத்தாத பிள்ளை" என்று பெருமைப்பட்டார். அரசுக் குடியிருப்பில் அண்டை வீட்டாரும் அதையே கூறினர். தூக்கம் கெடாத தாய் என்று என்மீது சிலருக்குப் பொறாமைகூட இருந்தது. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, புள்ளிவிவரங்களுடன் நாள்தோறும் பழகிய நான், என் குழந்தையைப் பற்றிய ஒரு புள்ளிவிவரத்தைக்கூடக் கேட்காமல் அந்தப் புகழ்ச்சியில் மகிழ்ந்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், குடியிருப்பில் வசித்த ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் குழந்தையைப் பார்க்க வந்தார். வாழ்த்துச் சொல்லுமுன் குழந்தையின் பாதத்தைத் தம் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். அது சில்லிட்டிருந்தது. "இவள் அமைதியாக இல்லை, களைத்துப்போயிருக்கிறாள்" என்றார். அன்றே மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று நிறுத்தோம். 1 கிலோ 820 கிராம். பிறந்த எடையில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கரைந்திருந்தது.

நிறைமாதக் குழந்தையும் முதல் சில நாள்களில் எடையில் சிறிது இழப்பது இயல்பே. அது பொதுவாக நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கைத் தாண்டுவதில்லை. பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். என் மகள் ஏறவேண்டிய நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஏன் குடிப்பதில்லை?

பால் குடிப்பதில் நாட்டமில்லை என்று நாம் கூறுவது பெரும்பாலும் சரியான சொல்லன்று. நாட்டம் இல்லாததைவிட இயலாமையே மிகுதி. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நடைபெறும் திறன், தாயின் கருவில் ஏறத்தாழ 34ஆம் வாரத்தையொட்டியே வருகிறது. அதற்கு முன்னர் பிறந்த குழந்தைக்கு அத்திறன் முழுமையாக அமைவதில்லை. அதையொட்டிப் பிறந்த குழந்தைக்குத் திறன் இருந்தாலும் விரைவில் களைத்துவிடுகிறது. மஞ்சள் காமாலை மிகுந்தாலும் குழந்தை மந்தமாகும். பிரசவத்தின்போது தாய்க்குத் தரப்பட்ட சில மருந்துகள், நாக்கின் அடியிலுள்ள சவ்வு குறுகியிருத்தல், மார்பைச் சரியாகப் பற்றாமை ஆகியனவும் காரணமாகலாம். இவையெல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது நோய்த்தொற்று. நேற்றுவரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று குடிக்க மறுக்கிறதென்றால் முதலில் ஐயுறவேண்டியது அதனையே.

குளிர் மற்றொரு காரணம். உடல் குளிர்ந்த குழந்தை சரியாக உறிஞ்சாது. உறிஞ்சாத குழந்தைக்கு உடற்சூடு உண்டாக்க எரிபொருள் கிடைக்காது. எரிபொருள் இல்லாததால் அது மேலும் குளிரும். ராக்னர் நர்க்ஸே 1953ஆம் ஆண்டு விளக்கிய 'வறுமையின் நச்சு வட்டம்' உங்களுக்குப் பாடமாக இருந்திருக்கும். அந்த வட்டத்தின் மிகச் சிறிய வடிவத்தை நான் ஒரு தொட்டிலில் கண்டேன்.

இந்த வட்டத்தில் தாயும் சேர்ந்துவிடுகிறாள். தாய்ப்பால் சுரப்பது, எடுக்கப்படும் அளவைப் பொறுத்தது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சுரப்பு பெருகும், உறிஞ்சாவிடில் வற்றும். நலிந்த குழந்தை உறிஞ்சாததால் பால் குறைகிறது. வீட்டார் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "இவளுக்குப் பால் போதவில்லை" என்று தீர்ப்புக் கூறுகிறார்கள். புட்டியும் மாவுப்பாலும் வருகின்றன. புட்டியின் காம்பில் எளிதாகப் பழகிய குழந்தை மார்பை மேலும் ஒதுக்குகிறது. எஞ்சியிருந்த சுரப்பும் நிற்கிறது. இந்த மனக்கலக்கத்தை வணிகமாக்குவதைத் தடுக்கவே 1992ஆம் ஆண்டு தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள், பால் புட்டிகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 2003ஆம் ஆண்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. அவற்றை விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது.

என்ன செய்யவேண்டும்?

மருத்துவர் எங்கள் குழந்தையைச் சோதித்து, நோய்த்தொற்று இல்லை என்று உறுதி செய்தபின் கூறிய முறைகள் மிக எளியவை. அவற்றுக்கு அந்நியச் செலாவணி தேவைப்படவில்லை. இன்றைய வழிகாட்டு நெறிகளும் ஏறத்தாழ அவற்றையே கூறுகின்றன.

முதலாவது, சூடு. குழந்தையின் ஆடையைக் களைந்து, அரைத்துணியும் குல்லாயும் மட்டும் அணிவித்து, தாயின் மார்போடு தோல் தோலில் படும்படி நிமிர்த்தி அணைத்து, மேலே போர்த்துவது. இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கருவிகள் போதாத ஒரு மருத்துவமனையில், 1970களின் பிற்பகுதியில் உருவான முறை இது. பற்றாக்குறை பெற்றெடுத்த கண்டுபிடிப்பு என்றே இதனைக் கூறலாம். நம் நாட்டின் ஹரியானா மாநிலக் கிராமங்களில் எடை குறைந்த குழந்தைகளுக்கு வீட்டிலேயே இம்முறையைக் கைக்கொள்ளச் செய்து நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. முதல் 28 நாள்களில் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. தாய் மட்டுமன்றித் தந்தையும் பாட்டியும்கூட முறைவைத்து இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கடிகாரம். குழந்தை எழுப்பும்வரை காத்திராமல், இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை நாமே குழந்தையை எழுப்பவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் தரவேண்டும். இரவும் இதில் அடங்கும். போர்வையை நீக்குவது, ஈரத்துணியை மாற்றுவது, உள்ளங்காலை மெல்லத் தேய்ப்பது, முதுகை வருடுவது, ஓரிரு துளிப் பாலை உதட்டில் விடுவது ஆகியவை குழந்தையை விழிக்கச் செய்யும்.

மூன்றாவது, பற்றும் முறை. குழந்தையின் வாய் நன்கு அகன்று, மோவாய் மார்பைத் தொட்டு, கீழுதடு வெளிநோக்கி மடிந்திருக்கவேண்டும். காம்பை மட்டும் கவ்வும் குழந்தைக்குப் பால் வராது. தாய்க்கு வலிதான் வரும். பாதியில் உறங்கத் தொடங்கினால் மார்பைக் கையால் மென்மையாக அழுத்திக் கொடுத்தால் பால் பெருகி, குழந்தை மீண்டும் உறிஞ்சும்.

நான்காவது, குழந்தை உறிஞ்சாமல் விட்ட பாலைத் தாய் கையால் பீய்ச்சி எடுத்துப் புகட்டுவது. தனியாரின் தேவை சுருங்கும்போது அரசு தானே செலவிட்டுப் பொருளாதாரத்தை இயங்கவைக்கவேண்டும் என்று 1930களில் கீன்ஸ் கூறினார் அல்லவா? பாலைப் பீய்ச்சி எடுப்பதும் அதையொத்த தலையீடுதான். குழந்தை தானே உறிஞ்சும் பலம் பெறும்வரை சுரப்பு வற்றாமல் அது காக்கிறது.

எடுத்த பாலைப் புகட்ட எங்கள் வீட்டில் ஒரு கருவி இருந்தது. என் தாயார் தம் பெட்டியில் ஒரு பாலாடையைக் கொண்டுவந்திருந்தார். மூக்கு வைத்த அந்தச் சிறு கிண்ணம் தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருவது. தலைநகரத்தில் அதை வெளியே எடுத்தால் நாட்டுப்புறம் என்று நினைப்பார்களோ என்று கூசி, அவர் அதைத் துணியில் சுற்றியே வைத்திருந்தார். இன்று நாட்டின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், புட்டியை விலக்கிக் கிண்ணமும் கரண்டியும் அல்லது பாலாடை என்று பெயர் சொல்லியே பரிந்துரைக்கின்றன. அதைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, விழித்திருக்கும்போது மட்டும், உதட்டோரத்தில் சிறிது சிறிதாகத் தரவேண்டும். உறங்கும் குழந்தையின் வாயில் ஊற்றுவதோ, மூக்கைப் பிடித்து விழுங்கச் செய்வதோ கூடவே கூடாது. பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

எவ்வளவு தருவது? முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். அந்தச் சீம்பால் அளவில் சிறிது, பயனில் பெரிது. முதல் வாரத்தின் இறுதிக்குள் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் என்ற அளவுக்குப் படிப்படியாக உயர்த்துவது வழக்கம். இரண்டு கிலோ குழந்தைக்கு 300 மில்லிலிட்டர். பத்து வேளையாகப் பகிர்ந்தால் வேளைக்கு 30. நலிந்த குழந்தைக்கு இக்கணக்கை மருத்துவரே வகுக்கவேண்டும். சேனை வைப்பது என்று நம் பக்கத்தில் தரும் சர்க்கரைத் தண்ணீர், வடபுலத்தில் தரும் கஷாயங்கள், தேன், வெறும் தண்ணீர் ஆகியவை வேண்டா. சிறிய வயிற்றில் அவை பாலுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, தொற்றையும் கொண்டுவரக்கூடும்.

ஐந்தாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம். நான் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். மணி, குடித்த அளவு, நனைந்த துணி, எடை என நான்கு பத்திகள். முதல் வாரம் கழிந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கவேண்டும். முதல் மூன்று மாதங்களில் நாள்தோறும் சுமார் 25 முதல் 30 கிராம் எடை ஏறவேண்டும். என் பணிக்காலத்தில் எத்தனையோ அட்டவணைகளைத் தயாரித்திருக்கிறேன். அவற்றுள் மிகப் பயன்பட்டது அதுவே. இருபத்தைந்தாம் நாள் தராசு 2 கிலோ 120 கிராம் காட்டியது. அன்று இரவு அவள் பசித்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு என் தாயாரும் அழுதார்.

இதன் மறுபுறத்தையும் சொல்லிவிடவேண்டும். சில குழந்தைகள் இயல்பாகவே சிறிது சிறிதாக, விரைவாகக் குடித்து முடிப்பவை. மூன்று, நான்கு மாதமான பின் சுற்றியுள்ள ஒலிகளும் முகங்களும் ஈர்ப்பதால் பாதியில் தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. சிறுநீர் சரியாகப் போய், எடையும் ஏறிவருமானால் வீட்டார் கவலைப்படத் தேவையில்லை; வற்புறுத்தவும் கூடாது. வீண் அச்சத்தையும் வீண் நிம்மதியையும் பிரித்துக்காட்டும் கருவி ஒன்றே, அது தராசு.

காத்திருக்கக்கூடாத வேளை

மேற்கூறியவை வீட்டில் செய்யத்தக்கவை. வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக்கூடாத நிலைகளும் உண்டு. நன்றாகக் குடித்துவந்த குழந்தை குடிப்பதை நிறுத்திவிடுதல், தட்டி எழுப்பினாலன்றி அசையாதிருத்தல், வலிப்பு, நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலுமாக மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்குதல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விடியட்டும் என்று இருந்துவிடக்கூடாது. நோயுற்ற பச்சிளங்குழந்தையை அரசு மருத்துவமனைக்கு இலவசமாக அழைத்துச் செல்லவும் சிகிச்சை அளிக்கவும் 2011ஆம் ஆண்டு முதல் தனித் திட்டம் உண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகளும் நிறுவப்பட்டுள்ளன.

வாசலுக்கு வரும் தராசு

என் வீட்டுக்கு அந்தச் செவிலி வந்தது தற்செயல். அவர் ஒரு வாரம் தாமதித்து வந்திருந்தால் இந்த உரையை நான் வேறு விதமாக நிகழ்த்தியிருப்பேன். அல்லது நிகழ்த்தியே இருக்கமாட்டேன். தற்செயலாகக் கிடைத்த உதவியை எல்லாருக்கும் உறுதியாகக் கிடைக்கச் செய்வதற்கே திட்டமிடல் என்று பெயர்.

மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 1990களில் இதைச் செய்து காட்டினர். 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பார்வையிடச் செய்தனர். நோய்த்தொற்றை அறிந்துகொள்ள அப்பெண்களுக்குக் கற்பிக்கப்பட்ட குறிகளுள், குழந்தை உறிஞ்சுவது குறைவதும் நிற்பதும் ஒன்று. அழுகை நலிவதும் நிற்பதும் மற்றொன்று. நம் பழமொழி எதைச் சமர்த்து என்று கண்டுகொள்ளாமல் விட்டதோ, அதையே இக்கிராமப் பெண்கள் ஆபத்தின் அறிவிப்பாகப் படிக்கக் கற்றனர். அக்கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளின் மரண விகிதம் சுமார் 62 சதவீதம் குறைந்தது என 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது.

இந்த அனுபவமும் சேர்ந்து, 2011ஆம் ஆண்டு வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு என்னும் நாடளாவிய திட்டமாக உருப்பெற்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டுக்குச் சென்று பார்க்கவேண்டும். வீட்டிலேயே பிறந்த குழந்தையாயின் முதல் நாளும் செல்லவேண்டும். எடைக்கருவி, வெப்பமானி, மூச்சை எண்ணக் கடிகாரம் ஆகியவை அவர் பையில் உண்டு. மூன்றாம் மாதம் முதல் பதினைந்தாம் மாதம் வரை ஐந்து முறை சென்று பார்க்கும் திட்டம் 2018ஆம் ஆண்டு இதனோடு இணைந்தது. இப்பார்வையிடல்களின் சிறப்பு என்னவெனில், குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும், தாய் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அவை நிகழவேண்டும். 1994இல் என் மகளுக்கு ஏழாம் நாள் அப்படி ஒரு தராசு வந்திருந்தால் பன்னிரண்டாம் நாளின் அதிர்ச்சி இருந்திராது.

எண்கள் கூறுவது

இனி, உங்களுக்குப் பழக்கமான எண்களுக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005–06இல் நம் நாட்டில் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்கள் 38.7 சதவீதம். 2015–16இல் அது 78.9 ஆகவும், 2019–21இல் 88.6 ஆகவும் உயர்ந்தது. இது பெரும் சாதனை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கப்பெற்ற குழந்தைகள் இதே ஆண்டுகளில் முறையே 23.4, 41.6, 41.8 சதவீதம்.

கடைசி இரு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரசவம் மருத்துவ நிலையத்துக்கு வந்துவிட்டது. முதற்பால் அங்கேயே நின்றுவிட்டது. கட்டிலும் கட்டடமும் தாயை அழைத்துவந்துவிட்டன. ஆனால், பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்தி, அருகில் அரைமணி நேரம் நின்று உதவ ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் நேரத்தை நாம் இன்னும் போதுமான அளவு ஒதுக்கவில்லை. அறுவைப் பிரசவங்கள் இதே இடைவெளியில் 17.2 சதவீதத்திலிருந்து 21.5 சதவீதமாக உயர்ந்ததும் நினைவிற்கொள்ளத்தக்கது. முதற்பால் தாமதமாவது அவற்றில் மிகுதி. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 54.9 சதவீதத்திலிருந்து 63.7 சதவீதமாகியிருப்பது ஆறுதலளிக்கிறது. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மா' இயக்கம் போன்ற முயற்சிகள் இத்திசையில் செல்பவை.

பிறக்கும்போது எடை பார்க்கப்பட்ட குழந்தைகளுள் சுமார் 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவானவை என்று அதே 2019–21ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அவற்றுள் பல, விரைவில் களைத்து உறங்கிவிடக்கூடிய குழந்தைகள். ஆகவே நான் என் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை; நாட்டின் கதையைச் சொல்கிறேன்.

தாயின் நேரம்

இத்தனை முறைகளுக்கும் அடிப்படையான மூலப்பொருள் ஒன்று உண்டு. அது தாயின் நேரம். நாளொன்றுக்குப் பத்து வேளை, வேளைக்கு முக்கால் மணி என்று கொண்டாலும் ஏழரை மணி நேரம். ஒரு முழு அலுவலக நாள். தேசிய வருமானக் கணக்கில் இந்த உழைப்புக்குப் பத்தி கிடையாது; தாய்ப்பாலுக்கும் கிடையாது. மாவுப்பால் டப்பா ஒன்று விற்றால் மட்டும் அது கணக்கில் ஏறிவிடும்.

1994இல் மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 90 நாள். என் மகள் களைப்பின்றிக் குடிக்கக் கற்று இரண்டு மாதம் ஆவதற்குள் என் விடுப்பு தீர்ந்துவிட்டது. அலுவலகத்தில் பால் எடுத்துவைக்க ஒரு மறைவிடம் இல்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. அடுத்த மூன்று வாரங்களில் சுரப்பு வற்றியது. பாலாடையால் காத்த பாலை அலுவலக நேரத்தில் இழந்தேன். அவ்விடுப்பு 1997இல் 135 நாளாகவும், 2008இல் 180 நாளாகவும் உயர்த்தப்பட்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, பிற நிறுவனங்களில் 12 வார விடுப்பு 26 வாரம் ஆயிற்று. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம் அமைக்கவும் விதி செய்யப்பட்டது.

ஆயினும் நம் நாட்டில் உழைக்கும் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையினர். களை பறிப்பவளுக்கும் செங்கல் சுமப்பவளுக்கும் விடுப்பு விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். அவள் குழந்தை மரத்தடித் தூளியில் அழாமல் உறங்குகிறதென்றால், அதைச் சமர்த்து என்று மகிழ்வதற்கு அவளுக்குக் காரணம் மிகுதி. எழுப்பிப் பார்க்க நேரமோ குறைவு. இரண்டு மணிக்கு ஒருமுறை பால் கொடு என்று அவளுக்கு அறிவுரை கூறுவது எளிது. அந்த இரண்டு மணியை அவளுக்கு வாங்கிக்கொடுப்பதே கொள்கை வகுப்போரின் கடமை. 2017இல் தொடங்கப்பட்ட பிரதமர் தாய்மை உதவித் திட்டத்தின்கீழ் முதற்குழந்தைக்கு வழங்கப்படும் ரூபாய் 5,000 அதற்கு ஒரு தொடக்கம்.

முடிவுரை

பொருளாதார அலுவலருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன்.

நாளை நீங்கள் மாவட்டங்களுக்குச் செல்வீர்கள். உங்கள் மேசைக்கு விண்ணப்பங்கள் வரும், முறையீடுகள் வரும், தூதுக்குழுக்கள் வரும். அவையெல்லாம் அழுகைகளே, கேட்கப்படவேண்டியவையே. ஆனால், ஒரு வட்டாரத்திலிருந்து ஓராண்டு முழுதும் ஒரு மனுவும் வரவில்லையென்றால் அங்கே குறை ஏதுமில்லை என்று குறிப்பெழுதி விடாதீர்கள். ஊட்டச்சத்து மையத்தைக் கேட்டு வராத குக்கிராமம், உதவித்தொகைக்கு எழுதிப்போடாத விதவை, பள்ளியில் பெயர் கொடுக்காத குடும்பம் ஆகியோர் நிறைவடைந்தவர்களா, களைத்தவர்களா என்று நேரில் சென்று பாருங்கள். கையில் ஒரு தராசுடன் செல்லுங்கள்.

அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய் ஒருத்தி போதும். அழாத பிள்ளைக்கும் பால் கிடைக்கவேண்டுமானால் அதற்குக் கடிகாரமும், நோட்டுப் புத்தகமும், வாசல் தேடி வரும் ஒருவரும் வேண்டும். அந்த மூன்றையும் ஏற்பாடு செய்வதற்காகவே அரசு நம்மைப் பணியில் அமர்த்தியிருக்கிறது.